அவர் கேட்டது அது இல்லை

"குடிக்கிற அன்னைக்கு ராத்திரி மாத்திரையைப் போடணுமா, விட்டுடணுமா சிஸ்டர்?"

சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இவ்வளவுதான் கேட்டார். "சுகர் இருக்கிறவங்க குடிக்கவே கூடாது, அதுக்கு மேல பேச்சே இல்லை" என்றேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நல்லா சொல்லுங்க சிஸ்டர், நான் சொன்னா எங்க கேட்கிறார்" என்றார். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, விடிகாலை ஐந்து மணிக்கு அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதம் எனக்கு அங்கே இரவு டியூட்டி. கிட்டப் போனதுமே சாராய வாடை. "ராத்திரி குடிச்சார், எழுப்பினா எழுந்திருக்கலை, போதைதான் தெளியட்டும்னு விட்டுட்டோம்" என்றார் மனைவி. அப்புறம் தயங்கித் தயங்கி, "தலையணை மட்டும் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு" என்றார். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தேன். 38.

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே மூளை தடுமாற ஆரம்பித்துவிடும். 38-இல் கிடக்கிறவருக்கும் போதையில் கிடக்கிறவருக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வாடை வேறு இருந்துவிட்டால் யாருமே சந்தேகப்பட மாட்டார்கள். பிரஷருக்கு அவர் அட்டெனோலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வகை மருந்து கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அந்தத் தலையணை ஒன்றுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை டிரிப், ஏறியதும் சில நிமிடங்களில் கண் திறந்தார். உடனே வீட்டுக்குப் போகணும் என்றார். விடவில்லை. கிளிமிபிரைடு என்ற அந்தச் சுகர் மாத்திரையைச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரை ஏறின மாதிரி ஏறித் திரும்பவும் இறங்கும், ஒரு நாளாவது கண் வைத்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மறுபடியும் 61 காட்டியது. அதைச் சரிசெய்துவிட்டு டிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்: "படுக்கும்போது பார்த்தேன் சிஸ்டர், 182 இருந்துச்சு. அதனாலதான் மாத்திரையைப் போட்டுட்டேன்."

என் மேல் குறையாக அவர் அதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அந்த 182 இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இனிப்புப் பானம் கலந்து குடித்திருக்கிறார், முதலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இரவில் நாம் சாப்பிடாமல் கிடக்கும் நேரத்துக்குக் கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே சாராயம் வந்துவிட்டால் முதலில் அதைக் கரைக்கிற வேலையில் இறங்கிவிடும், புதிதாகச் சர்க்கரை செய்யாது. கையிருப்பு தீர்ந்தால் அவ்வளவுதான். இதே நேரத்தில் கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அன்று அவர் சாப்பிடவும் இல்லை. படுக்கும்போது இருந்த 182 விடியும்வரை நிற்கும் என்று யார் சொன்னது? அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாத்திரையைப் போடு, விடு என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, அது டாக்டர் சொல்ல வேண்டியது. "விட்டுடுங்க" என்று நான் சொல்லியிருந்தால், குடிக்கிற நாளெல்லாம் விட்டு, அப்புறம் குடிக்காத நாளிலும் விட்டு, 400-இல் வந்து நின்றிருப்பார். அப்படியும் பார்த்திருக்கிறேன். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். நான் சொன்னதில் பொய்யும் இல்லை.

ஆனால் அவர் என்னிடம் கேட்ட அன்று காலை அதே இடத்தில் ஒரு அம்மாவிடம் பத்து நிமிடம் பேசியிருந்தேன். மூச்சிரைப்புக்கு யாரோ பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தார்கள். காலையில் போட்டால் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும், அதனால் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று எத்தனை சொன்னேன்! அப்போதும் வரிசை இருந்தது. மருந்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் வருகிறது. குடியைப் பற்றிக் கேட்டால் முகம் இறுகிவிடுகிறது. அவரும் கேட்டது மாத்திரையைப் பற்றித்தானே. "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன், உட்காருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதற்குப் பிறகு நான் மாறினேன். யாராவது குடியைப் பற்றிக் கேட்டால் முழுதாகச் சொல்கிறேன்: நிறுத்துவதுதான் நல்லது, முடியாவிட்டால் வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், படுக்கும்போது பார்த்த அளவை நம்பித் தூங்கிவிடாதீர்கள், நடு இரவிலும் விடியற்காலையிலும் பாருங்கள், மறுநாளும் சர்க்கரை இறங்கலாம், எழுப்பியும் எழவில்லை என்றால் போதை என்று விடாமல் அழைத்து வரச்சொல்லி வீட்டில் சொல்லி வையுங்கள், நினைவில்லாத வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்படிச் சொன்ன ஒருவரின் மகள் அடுத்த மாதம் வந்து, "சாப்பிட்டுக் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே சொன்னீங்களாமே அக்கா, அதையே சொல்லி தினமும் குடிக்கிறார்" என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல? கொஞ்ச நாள் பழையபடி "கூடாது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை.

போன வாரம் அந்த முதல் ஆள் வந்திருந்தார். கிளிமிபிரைடை அப்போதே டாக்டர் மாற்றிவிட்டார். "இப்போ தொடறதே இல்லை சிஸ்டர்" என்றார் மனைவி. அவர் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் மனைவியை மாத்திரை வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன்.

"நான்தான் நிறுத்திட்டேனே சிஸ்டர்" என்றார்.

"சரி, இருக்கட்டும், தெரிஞ்சு வெச்சுக்கோங்க" என்றேன்.

சீட்டை மடித்தார். கதவு வரைக்கும் போனார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "ராத்திரி எத்தனை மணிக்குப் பார்க்கணும்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.