வாகனம் வராத வழிகள்: போர்தோவிலிருந்து துலூஸ் வரை சைக்கிளில்

இலங்கையின் கிழக்கே களுவாஞ்சிகுடியில் வளர்ந்த எனக்குச் சைக்கிளோட்டம் சிறுவயதிலிருந்தே இரண்டு வகைப்பட்டது. ஒன்று, மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், பின்னால் வரும் பேருந்து ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் தாரைவிட்டு மணலில் இறங்கி, அது போனபின் மீண்டும் ஏறி ஓடுவது. மற்றது, குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூர்ப் பக்கம் இறங்கி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கட்டின் மேல் கொக்குகளைத் தவிர வேறெவரையும் காணாமல் ஓடுவது. (வாவியில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று பெயர், வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) இந்த இரண்டாவது வகையின் ருசி நாக்கை விட்டுப் போகாததனால்தான், பரிஸில் வாழும் தங்கையின் வீட்டுக்கு ஒரு மாத விடுமுறையில் சென்றிருந்தபோது, ஐபெல் கோபுரத்தைப் பார்த்து முடித்த மறுநாளே, போர்தோவிலிருந்து துலூஸ் வரை ஓடுவதற்காகப் பழைய சைக்கிள் ஒன்றை விலைபேசத் தொடங்கினேன். “காரில ரெண்டரை மணித்தியாலத்தில போற தூரத்துக்கு ஏன் மச்சான் அஞ்சு நாள்?” என்று தங்கையின் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அவர் சொன்ன காரோட்டத்தில் கண்ணில் படுவது முன்னால் போகும் லொறியின் முதுகு மட்டுமே.

பிரான்சில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாமல், நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் சில இடங்களில் குதிரையேறுபவர்களுக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்ட வழிகளை ‘வுவா வெர்த்’, அதாவது பசுமை வழி, என்று அழைக்கிறார்கள். 2004இல் அந்நாட்டு வீதிச் சட்டத் தொகுப்பிலேயே இதற்கு வரைவிலக்கணம் சேர்க்கப்பட்டது. ஆனால் இவற்றுள் நான் ஓடியவை எவையும் சைக்கிளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. 1879இல் பொதுவேலை அமைச்சராக இருந்த சார்ல் த ஃப்ரெசினே, நாட்டின் மூலைமுடுக்குகளில் உள்ள சிறு நகரங்களையும் இருப்புப்பாதையால் இணைக்கும் பெருந்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்படிப் பரவிய கிளைப் பாதைகளுக்குப் பேருந்தும் காரும் வந்த பின்னர் பயணிகள் இல்லாமற்போக, அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைக் கழற்றி எடுத்தாலும், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அமைத்த தடம் அப்படியே கிடந்தது. அதன்மேல் தாரிட்டு, 1997இல் பூர்கோஞ் பகுதியில் ஜிவ்ரி முதல் க்ளுனி வரை 44 கிலோமீற்றர் நீளத்துக்குத் திறந்ததே பிரான்சின் முதலாவது பசுமை வழி. புகைவண்டியால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது என்பதால், எவ்வளவு குன்றுப்பாங்கான ஊராக இருந்தாலும் இந்தத் தடங்கள் ஏறுவது தெரியாமலே ஏறுகின்றன. மூட்டுவலிக்காரனாகிய எனக்கு இது பெரிய உபகாரம். எங்கள் புகையிரதப் பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. தெற்கே கல்முனைக்கோ பொத்துவிலுக்கோ தண்டவாளம் போடப்படவே இல்லையாதலால், கைவிட்டுச் சைக்கிளுக்குக் கொடுப்பதற்கும் எங்களிடம் ஒன்றுமில்லை.

நான் ஓடிய வழி போர்தோ நகரின் விளிம்பில், 1937ஆம் ஆண்டு தூர் த பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியில் வென்ற ரொஜே லப்பேபியின் பெயரைத் தாங்கிய பசுமை வழியில் தொடங்கியது. ஏறத்தாழ 55 கிலோமீற்றர் நீளமான இந்தப் பழைய இருப்புப்பாதைத் தடம், முந்திரிகைத் தோட்டங்களையும் சிறு காடுகளையும் ஊடறுத்து, 1079இல் நிறுவப்பட்ட மடாலயமொன்றின் இடிபாடுகள் நிற்கும் லா சோவ் ஊரைக் கடந்து, நான்கு வாயில்களோடு 1281இல் எழுந்த சோவ்தேர் த கியேன் என்னும் சிறு நகரத்தில் முடிகிறது. வழியில் வீதிகளைக் குறுக்கறுக்கும் இடங்களிலெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் நுழையாதபடி குறுகலான தடுப்புகளை நட்டிருக்கிறார்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் பை தொங்கவிட்டிருந்த எனக்கு அவையே முதல்நாளின் பெரிய தொல்லையாக இருந்தன. மூன்றாவது தடுப்பில் பை சிக்கிக் கொளுக்கி உடைந்தது. கொண்டுபோயிருந்த சாரத்தின் கரையைக் கிழித்துக் கட்டியதுதான் துலூஸ் வரையும் தாங்கியது.

அங்கிருந்து சில மணிநேரம் சிறு வீதிகளில் ஓடி இறங்கினால் கரோன் கால்வாய் வருகிறது. 193 கிலோமீற்றர் நீளமும், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் 53 நீர்ப்பூட்டுகளும் கொண்ட இக்கால்வாய் 1856இல் கட்டி முடிக்கப்பட்டது. கரையோரம் இருப்பது ஒருகாலத்தில் குதிரைகள் கயிறு பூட்டிப் படகுகளை இழுத்துச் சென்ற தடம். கால்வாய் முடிந்த அதே காலத்தில் போர்தோவையும் துலூஸையும் இணைக்கும் இருப்புப்பாதையும் வந்துவிட்டதால், வணிகத்தில் அது இளமையிலேயே தோற்றுப்போயிற்று. இன்று வாடகைப் படகுகளில் உல்லாசப் பயணிகள் நிதானமாகப் போகிறார்கள். இருபுறமும் பிளேன் மரங்கள் கூரைபோல் கவிந்து நிற்கப் பகல் முழுவதும் நிழலிலேயே ஓடலாம். ஆஜான் நகரில் கால்வாயே ஒரு பாலமாகி, 23 வளைவுகளின் மேல், 539 மீற்றர் நீளத்துக்கு கரோன் ஆற்றைக் கடக்கிறது. கீழே ஆறு, மேலே படகு, பக்கத்தில் நான். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை எத்தனையோ ஆயிரம் முறை சைக்கிளில் கடந்தவன் என்றாலும், தண்ணீரையே சுமந்து தண்ணீரைத் தாண்டும் பாலத்தில் இறங்கி நிற்காமல் போக முடியவில்லை.

ஆனாலும் இந்தக் கால்வாய்க் கரையைப் பற்றிப் படங்களும் விளம்பரங்களும் சொல்லாத ஒன்று உண்டு: மூன்றாம் நாளில் அது சலித்துவிடுகிறது. மரம், தண்ணீர், பூட்டு, மறுபடியும் மரம். கால்வாயை ஒட்டியே தண்டவாளமும் நெடுஞ்சாலையும் ஓடும் இடங்களில், கண்ணுக்குக் காடும் காதுக்குப் பட்டணமுமாக இருக்கிறது. ஆகவே மொய்சாக் ஊரைத் தாண்டியபின் கரையைவிட்டு விலகி, வரைபடத்தில் வெள்ளை நிறத்தில் மெல்லிதாகக் காட்டப்படும் கிராம வீதிகளில் ஏறினேன். மிஷ்லான் வரைபடத்தில் சிவப்பு பிரதான வீதி, மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளை யாரும் போகாதது. மூன்றாவதைத் தேடுவதே என் அனுபவத்தில் சிறந்த வழி. அரைமணிக்கு ஒரு உழவு இயந்திரம் எதிர்ப்பட்டது. கார் வந்தாலும், ஊர்களுக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீற்றர் விலக வேண்டும் என்ற சட்டத்தைப் பெரும்பாலானோர் மதித்தே ஓட்டினார்கள். ஏற்றமிறக்கம் கூடுதல்தான், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சூரியகாந்தி வயலோ, தேவாலயக் கோபுரமோ, குரைக்கத் தெம்பில்லாத கிழநாயோ கிடைத்தது.

சாப்பாட்டு விடயத்தில் எச்சரிக்கை வேண்டும். கிராமத்துக் கடைகள் நண்பகலில் இரண்டு மணிநேரம் பூட்டியே கிடக்கின்றன. ஞாயிறு மத்தியானத்திலிருந்து திங்கள் முழுவதும் பாண் வாங்கவும் வழியில்லாத ஊர்களைக் கண்டேன். தண்ணீருக்கு மட்டும் ஒருபோதும் குறைவில்லை. பிரெஞ்சுக் கிராமங்களின் சவக்காலைகளில், பூச்சாடிகளுக்கு நீரூற்றுவதற்காக ஒரு குழாய் இருக்கும். ‘குடிக்கத் தகாதது’ என்ற பலகை இல்லையென்றால் அதில் போத்தலை நிரப்பிக்கொள்வது அங்குள்ள சைக்கிளோட்டிகளின் வழக்கம். முதல்தடவை மனம் ஒப்பவில்லை. சவக்காலைக்குப் போய்விட்டுத் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாதென்று வளர்க்கப்பட்டவன் அங்கேயே நின்று குடிப்பதா? வெயில் ஏறிய இரண்டாம் நாளில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

துலூஸிலிருந்து கிழக்கே பியேர் போல் ரிக்கே 1666க்கும் 1681க்கும் இடையில் அமைத்த மிதிக் கால்வாய் தொடங்குகிறது. அதன் கரையில் துலூஸ் பக்கத்துப் பகுதி தாரிட்டது. பின்னர் நீண்ட தூரத்துக்கு வேர்கள் புடைத்த மண்பாதை. அதிலும் 2006 முதல் பரவிய பூஞ்சை நோயினால் பழைய பிளேன் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டு, நிழலற்ற இடங்கள் கூடிவிட்டன. மெல்லிய ரயர் பூட்டிய என் வண்டிக்கு அது ஒத்துவராதென்று விட்டுவிட்டேன். ஆனால் அக்கால்வாயின் மேட்டுப் பகுதிக்கு நீர் கொடுப்பதற்காக, மலையிலிருந்து வரும் தண்ணீரை மண்ணணை கட்டித் தேக்கிய சென் ஃபெரியோல் நீர்த்தேக்கத்தை மட்டும் பேருந்தில் போய்ப் பார்த்தேன். குளமும், கட்டும், வாய்க்காலுமாக அது எனக்கு அறிமுகமான ஏற்பாடாகவே தெரிந்தது. உன்னிச்சைக் குளக்கட்டில் நிற்பவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் மேற்கிலிருந்து வீசும் காற்றே அதிகம் என்பதால் கடல் பக்கமிருந்து உள்நாடு நோக்கி, அதாவது போர்தோவிலிருந்து துலூஸுக்கு, ஓடுவது இலகு. ஆனால் துலூஸை நெருங்கியபோது ‘ஓத்தான்’ என்ற தென்கிழக்குக் காற்று எதிர்முகமாக எழும்பி, வைகாசியில் எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிப்பதுபோல, கடைசி முப்பது கிலோமீற்றரையும் என்னிடம் வட்டியோடு வசூலித்தது. திரும்பும்போது பிராந்தியப் புகைவண்டியில் சைக்கிளைத் தனிக்கட்டணம் இல்லாமல் ஏற்றினேன். அதிவேக வண்டியிலென்றால் முன்பதிவு வேண்டும்.

அடுத்தமுறை ஜிவ்ரி முதல் க்ளுனி வரை ஓடி, அப்படியே தெற்கே தொடர்ந்து, 1.6 கிலோமீற்றர் நீளமான புவா க்ளேர் சுரங்கத்தையும் கடக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். தங்கையின் கணவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மின்சாரச் சைக்கிள் என்றால் மட்டும். மார்கழி விடுமுறையில் போகலாம் என்று அவர் நாள் குறித்தார். ஆனால் வௌவால்கள் உறங்குவதற்காகக் குளிர்காலத்தில் அந்தச் சுரங்கத்தைப் பூட்டிவிடுகிறார்கள். சித்திரை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.