கோட்டையைப் பிடித்தவர்களின் ஊரில் ஒரு சனிக்கிழமை

நெதர்லாந்தில் உத்ரெக்ட்டுக்கு வந்து பதினாலு மாதமாகியும் ஆம்ஸ்டர்டாமை எட்டிப் பார்க்காமல் இருந்ததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை, ரயிலில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. வேலை, டச்சு வகுப்பு, மழை, சைக்கிள் ரியூப் ஒட்டுவது என்று வாரம் போய்விடும். கடைசியில் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து பெரியப்பாதான் போனில் பிடித்துக்கொண்டார். "என்ன மனே, ஒல்லாந்தன்ட நாட்டில இருந்துகொண்டு அவன்ட ஊரைப் பாக்கல்லயா?"

அவருக்கு அது சொந்த விஷயம். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருஷம் வேலை பார்த்தவர். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை, 1638இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கைக்குப் போனது. இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டையே எங்களுடையதுதான் என்பதைப் பெரியப்பா ஏதோ தன் கையால் சாவி கொடுத்தது மாதிரிச் சொல்வார். அந்த இடத்தை அவர் கச்சேரி என்று சொல்வது குறைவு, கந்தோர் என்பார்.

கந்தோர் என்றதும் ஞாபகம் வருகிறது. டச்சு வகுப்பில் முதல் மாதம் முழுக்க நான் மரம் மாதிரி இருந்தேன், தொண்டைக்குள் காறுகிற அந்த 'ஹ' சத்தம் வரவே வராது. ஒரு நாள் ரீச்சர் அலுவலகப் படத்தைக் காட்டி "கன்டோர்" என்றார். நான் பாய்ந்து கை தூக்கினேன், எங்கள் ஊரிலும் அதுதான் என்று. சிரியாக்காரர் ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கடையில் போஞ்சிப் பையில் "பூன்ச்சஸ்" என்று எழுதியிருந்தது. அந்தத் துணிச்சலில் அடுத்த வகுப்பில் கக்கூசையும் எடுத்துவிட்டேன். ரீச்சர் சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. அது அவர்கள் மொழியில் பழைய கொச்சைச் சொல்லாம், யார் வீட்டுக்காவது போய் அப்படிக் கேட்டுவிடாதே என்றார். எங்கள் வீட்டில் ஐயா வந்தாலும் அதைத்தானே சொல்கிறோம்!

சரி, ஆம்ஸ்டர்டாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முதலில் கேட்பது தண்ணீர்ச் சத்தம் இல்லை, கல் பாதையில் சூட்கேஸ் சில்லு உருளும் சத்தம். கூட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய தெருவை விட்டுப் பக்கவாட்டில் நடந்த பிறகுதான் ஊர் தெரிந்தது. 1613இல் வெட்டத் தொடங்கிய கால்வாய்கள், பழைய நகரத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒன்றுக்கு வெளியே ஒன்று: கனவான்களுக்கு ஒன்று, சக்கரவர்த்திக்கு ஒன்று, இளவரசருக்கு ஒன்று என்று பெயர். வீடுகள் ஒடுக்கமாக, உயரமாக, சிலது முன்பக்கம் சாய்ந்து, உச்சியில் ஒரு கொக்கியோடு. கொக்கி எதற்கென்று யோசித்துக்கொண்டே நடந்தேன், அதற்குப் பதில் ஒரு முடுக்கில் கிடைத்தது. இரண்டு பொடியன்கள் மேலே கப்பியில் கயிறு போட்டு ஒரு சோபாவை இழுத்துக்கொண்டிருந்தார்கள், அது காற்றில் மெல்லச் சுற்றிச் சுற்றி மூன்றாம் மாடி ஜன்னலுக்கு ஏறியது, உள்ளேயிருந்து ஒரு பெண் காலைப் பிடித்து இழுத்தாள். படி அவ்வளவு செங்குத்து, சாமான் ஏறாது. அந்தக் காலத்தில் மேல்மாடிகளில் சரக்கு வைத்ததும் இப்படித் தூக்கித்தான். கறுவாப் பொதியும் அப்படி ஏறியிருக்கும் என்று நினைத்தேன்.

தண்ணீரைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் குறை. அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அது சொன்னபடி கேட்கிற தண்ணீர். மதகுகளை மூடித் திறந்து இரவில் புதுத்தண்ணீர் விட்டு மாற்றுகிறார்கள். நாங்கள் வாவியை ஆறு என்று சொல்லி வளர்ந்தவர்கள், மாரியில் வெள்ளம் முட்டினால் முகத்துவாரம் வெட்டி விடுவோம், மறுகா அது தன் பாட்டுக்கு மூடிக்கொள்ளும். இங்கே வீடு நிற்பதுகூடச் சேற்றுக்குள் அடித்த மரக்குற்றிகளில். அரண்மனைக்குக் கீழே மட்டும் 13,659 குற்றியாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இந்த எண்ணைச் சொல்வார்கள். கால்வாயின் மூன்று மீற்றர் ஆழத்தில் ஒரு மீற்றர் சேறு, ஒரு மீற்றர் சைக்கிள், மிச்சம்தான் தண்ணீர் என்று படகுக்காரர் பகிடி விட்டார். ஆயிரக்கணக்கில் சைக்கிள்களை வருஷாவருஷம் கிண்டி எடுப்பது மட்டும் உண்மை.

பின்னேரம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய தலைமையகத்தைத் தேடிப் போனேன். செங்கல் கட்டடம், நடுவில் முற்றம். இப்போது பல்கலைக்கழகம் நடக்கிறது. எங்கள் கோட்டையைப் பிடிக்கக் கப்பல் அனுப்பிய கம்பனியின் கந்தோர் இது, முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோ கோலில் பெரியப்பாவுக்குக் காட்டினேன். வாசலைக் காட்டு, நிலையைக் காட்டு என்று இருபது தடவை திருப்ப வைத்தார். பின்னாலிருந்து பெரியம்மா, "அந்த ஆத்துல நண்டு இருக்காமா, கேளுங்க" என்றார். பெரியப்பா காதில் வாங்கவில்லை.

"சுவர் எவ்வளவு தடிப்பு, பார் மனே."

ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துச் சாண் போட்டு அளந்தேன். சாண்ட்விச் பிள்ளைகள் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்று சாண் வந்தது, சொன்னேன்.

"அவ்வளவுதானா" என்றார்.