அப்பாவின் கிசான் பணம் அம்மா பெயருக்கு மாறிய கதை

அப்பா 2022 ஐப்பசியில் காலமானார். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை அவர் பெயரில் இருந்தது. உழவர்களுக்கு மத்திய அரசு பணம் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 என ஆண்டுக்கு 6,000 ரூபாய் அவர் கணக்கில் விழும். இனி அது தானாக அம்மாவுக்கு வரும் என்று இருந்துவிட்டோம். வராது. வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தத் திட்டத்துக்கு 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குப் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் மட்டும் விதிவிலக்கு. ஆகவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அதன்பின் பட்டா மாறுதல். நிலத்தைப் பிரிக்காமல் அம்மா, தம்பி, நான் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டோம். அதனால் அளவைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முதல் மனு திரும்பி வந்தது. அம்மாவின் ஆதாரில் தலைப்பெழுத்து எங்கள் தாத்தாவுடையது. வாரிசுச் சான்றிதழில் அப்பாவுடையது. அந்த ஓர் எழுத்துக்கு இரண்டு மாதம் போயிற்று. மனு கொடுக்கும் முன் எல்லாத் தாளிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேளாண்மை விரிவாக்க மையத்தில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. விவசாயிகளே அல்லாத பல லட்சம் பேரைச் சேர்த்துப் பணம் எடுத்த மோசடி 2020இல் நம் மாநிலத்தில்தான் வெளிப்பட்டது. எனக்கு வருத்தமெல்லாம் எங்கள் வரப்பை ஒட்டிய கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரைப் பற்றித்தான். விதை, உரம், கூலி எல்லாம் அவர் கைக்காசு. பட்டா அவர் பெயரில் இல்லை, எனவே ஒரு ரூபாய்கூட இல்லை. உழுகிறவரை விட்டுவிட்டு ஓர் உழவர் உதவித்தொகை இருப்பது சரியே அல்ல.

அடுத்தது ஆதாரைச் சரிபார்க்கக் கைரேகை. நாற்பது வருடம் நாற்றுப் பறித்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? இ-சேவை மையத்தில் அம்மா பத்து விரலையும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். ஒன்றும் பதியவில்லை. பிறகு கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கலாம் என்று தெரிந்தது. திண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்து, "கண்ணைச் சிமிட்டுங்கள் அம்மா" என்றேன். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். நான்காவது முறை பச்சை விழுந்தது.

2023 நவம்பர் 15 அன்று பதினைந்தாவது தவணை விடுவிக்கப்பட்டது. அப்பாவுக்குத் திதி கொடுத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்த கணக்கில் பணம் ஏறவில்லை. இரண்டு வாரம் அலைந்த பிறகு ஒரு வங்கி ஊழியர் காரணம் சொன்னார்: எந்தக் கணக்கு எண் எழுதியிருந்தாலும், நேரடி மானியத்துக்காகக் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே பணம் போகுமாம். அம்மாவுக்கு அது நூறு நாள் வேலைக்காகத் திறந்த கணக்கு. அந்தப் பாஸ்புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்துப் பதியவைத்தோம். கடைசி வரியில் 2,000 இருந்தது.

மறுநாளே அம்மா எடுத்துவிட்டார். சம்பா வயலில் களை மண்டிக் கிடந்தது. களையெடுக்க வந்த பெண்களுக்கு வரப்பிலேயே கூலியைப் பிரித்துக் கொடுத்தார்.