கேம் ஷாஃப்ட் கேப் போல்ட்
மியான்மரின் மோல்மீனில் பைக் எஞ்சின் பிரித்துச் சேர்க்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட், அதை மேலிருந்து பிடித்திருக்கும் மூடிதான் கேப். அந்த கேப் போல்ட் ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கீழே வால்வு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் ஒரு பக்கம் சாய்ந்தால் அலுமினிய கேப் பட்டென்று விரிசல் விடும். அந்த கேப் பெரும்பாலும் ஹெட்டோடு, அதாவது எஞ்சினின் மேல் பகுதியோடு, சேர்த்துக் கடைந்தது, தனியாகக் கிடைக்காது. முழு ஹெட்டையும் மாற்றணும், காசு கொஞ்சமா?

எல்லா போல்ட்டையும் கால் கால் சுற்றாக, நடுவிலிருந்து வெளியே, குறுக்காக மாற்றி மாற்றி இறக்குங்கள். கேப் சமமாக உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவலில் இருப்பதே கணக்கு. சக்கர நட்டுக்கான பெரிய ரெஞ்ச் இதற்கு ஆகாது, மரை பிய்ந்துவிடும். அப்புறம் கிராங்கை, அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டை, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.