நான் வேலையை விட்டுப் போகவில்லை

2022 ஜூன் மாதக் கடைசி. கொழும்பில் பெட்ரோல் வரிசைகள் சந்தி தாண்டிச் சந்தி போய்க்கொண்டிருந்தன. 27ஆம் திகதி நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், கொள்ளுப்பிட்டியில் நான் எட்டு வருடத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த கொம்பனியில், என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

மேசையில் ஒரு தாள் இருந்தது. என் பெயர், அடையாள அட்டை இலக்கம், கீழே சிங்களத்தில் இரண்டு வரி: சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி. பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எதிரே இருந்தவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த நிலைமையில் தினமும் வந்துபோவது உங்களுக்கும் கஷ்டம்தானே, பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம் என்று மிகவும் அன்பாகத்தான் பேசினார். அந்த அன்புதான் ஆபத்து. சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொல்லும்போது கை தானாகப் பேனாவை நோக்கிப் போகிறது.

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தேன். அது புத்திசாலித்தனம் இல்லை, பயம். ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வசனம்தான் அடித்தளமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து இடமாற்றக் கடிதம் வந்தது. ஜூலை 4 முதல் கொழும்புக்கு வெளியே, ஜா-எல பக்கம் இருக்கும் களஞ்சியசாலைக்குப் போக வேண்டுமாம். நான் இருப்பது வெள்ளவத்தையில். பஸ் எப்போது வரும் என்றே தெரியாத நாட்கள் அவை. ஓட்டோக்காரர்கள் கேட்ட காசைக் கொடுத்தாலும் திரும்பி வர பெட்ரோல் இல்லை என்றார்கள். வைத்தியரின் கடிதத்தையும் சேர்த்து, இடமாற்றத்தை மறுபரிசீலனை செய்யுங்கள், கொள்ளுப்பிட்டியில் வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. 4ஆம் திகதி காலையில் வழக்கம்போல கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்குப் போனேன். கைரேகை இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். வாசலில் நின்ற காவல்காரர், எத்தனையோ வருடமாகக் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு "உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் மிஸ்" என்றார்.

அன்று பின்னேரம் மாமி சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் சட்ட ஆலோசனை. மாமி பெரிதாகப் படித்தவர் இல்லை. "போனதை எழுதி வை பிள்ளை. எத்தனை மணிக்குப் போனாய், யார் என்ன சொன்னது, எல்லாத்தையும். நாளைக்கு மறந்துபோகும்." எழுதினேன். அப்புறம் வெள்ளவத்தை தபாலகத்தில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இன்று காலை 8.20க்கு வேலைக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. அந்தச் சின்னப் பற்றுச்சீட்டுகளைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல பார்த்துக்கொண்டேன். அச்சு மங்கிவிடும் என்று அன்றே போட்டோக்கொப்பியும் எடுத்துவைத்தேன்.

ஜூலை கடைசியில் கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. அறிவிக்காமல் வேலைக்கு வராததால் நான் சேவையைக் கைவிட்டுச் சென்றதாகக் கருதுகிறார்களாம். வேலைநீக்கம் என்ற சொல் எங்கேயும் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

புதுக்கடை நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத்தான் முதலில் போனேன். ஆலோசனை இலவசம். வழக்குக்குச் சட்டத்தரணி ஒதுக்குவதற்கு வருமானத்தைப் பார்ப்பார்கள். என் கணவரின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு அது பொருந்தவில்லை. ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தொழில் வழக்குகளை நீண்ட காலமாகப் பார்த்துவரும் ஒரு சட்டத்தரணி அம்மாவின் அறை. அவர் கேட்ட முதல் கேள்வியே "பிள்ளை, எதிலயும் கையெழுத்து வைச்சிட்டீங்களா?"

இல்லை என்றதும் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் அவரிடம் போகும்போது என் மனதில் இருந்தது ஒரே சொல், பாரபட்சம். கர்ப்பிணி என்பதால் என்னைத் தள்ளினார்கள், அதற்கு நீதி வேண்டும். மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாமா, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாமா என்றெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. அரச ஊழியராக இருந்தால் அந்த வழி உண்டு, அதுவும் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். தனியார் கொம்பனிக்கு அது பொருந்தாது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலைநீக்கக் கூடாது என்கிறதே என்றேன். "சொல்லுது. ஆனால் எந்த முதலாளி அந்தக் காரணத்தை எழுதித் தருவான்?" என்று கேட்டார். எனக்கு வந்த கடிதத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லைதான்.

நமக்கு இருக்கும் வாசல் தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு. அங்கே போனால் சபை நீதியும் நியாயமுமான ஒரு கட்டளையை வழங்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது சபையைக் கட்டுப்படுத்தாது. அதுவரை நல்ல செய்தி. அப்புறம்தான் அந்தக் கடிதத்தில் ஏன் வேலைநீக்கம் என்ற சொல் இல்லை என்பதை விளக்கினார்.

வேலைநீக்கியதைக் கொம்பனி ஒப்புக்கொண்டால், அது ஏன் நியாயம் என்று காட்ட வேண்டியது கொம்பனி. அவர்களே முதலில் சாட்சி சொல்ல வேண்டும். நீக்கவில்லை, அவராகவே போய்விட்டார் என்று சொன்னால், நீக்கப்பட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது ஊழியர். பாரம் அப்படியே இடம் மாறிவிடும். அந்தப் பென்சில் புள்ளடியின் மேல் நான் கையெழுத்து வைத்திருந்தால், சொந்த விருப்பத்தில் விலகவில்லை என்று நிரூபிக்கவே வருடக்கணக்கில் போராடியிருப்பேன். விலகல் கடிதத்தை எழுத்தறிந்த ஒருவர் தன் கையால் ஒப்பமிட்டால், வற்புறுத்தினார்கள் என்று பிறகு சொல்வதை நம்பவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் எடுத்த இரண்டாவது வழி, கைவிட்டுச் சென்றார் என்பது. அதற்கு வேலைக்கு வராமல் இருந்தது மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதும் வேண்டும். என் மூன்று பதிவுத் தபால்களும் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். சட்டம் தெரிந்து அனுப்பவில்லை. மாமி சொன்னதால் அனுப்பினேன்.

விண்ணப்பத்தைச் செப்டம்பரில் தாக்கல் செய்தோம். இதற்குக் கால எல்லை உண்டு, மாதக் கணக்குத்தான். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன், அது முடியட்டும் என்று காத்திருந்து எல்லையைத் தவறவிட்டவர்களைத் தனக்குத் தெரியும் என்றார் சட்டத்தரணி. திணைக்களத்தை நம்பி நியாய சபையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

திணைக்களத்துக்கும் போனேன், நாரஹேன்பிட்டிக்கு, ஆனால் வேறு விடயத்துக்காக. பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். விலகினாலும், விலக்கப்பட்டாலும், 30 நாளுக்குள் தர வேண்டும். 1983இன் 12ஆம் இலக்கச் சட்டம். மோசடி, கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம் போன்ற காரணம் இல்லாமல் அதைப் பிடித்துவைக்க முடியாது. தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் உண்டு. என் அடிப்படைச் சம்பளம் 78,000 ரூபா. எட்டு வருடத்துக்கு 312,000. முறைப்பாடு போட்ட பிறகு காசோலை வந்தது. கூடவே ஒரு பற்றுச்சீட்டு: எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன். எனக்கு மறுபடியும் ஒரு புள்ளடி. போனில் சட்டத்தரணியைக் கேட்டேன். அந்த வரியை வெட்டிவிட்டு, பணிக்கொடைக்காக மட்டும், என் ஏனைய உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று என் கையால் எழுதி ஒப்பமிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் நவம்பரில் பிறந்தாள். சம்பளத்தோடு கிடைத்திருக்க வேண்டிய 84 நாள் பிரசவ விடுமுறையைக் கையில் இருந்த பணிக்கொடைக் காசில் கழித்தேன். அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடியவில்லை.

விசாரணை 2023இல் தொடங்கியது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அலுவலகத்தில் முழு நாளும் சிங்களம்தான். ஆனாலும் தமிழில்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று சட்டத்தரணி உறுதியாக நின்றார். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது, உரைபெயர்ப்பாளரைத் தர வேண்டியது அரசு. உரைபெயர்ப்பாளர் இல்லை என்று இரண்டு தவணைகள் போயின. கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு வந்து வெறுங்கையோடு திரும்பும்போது, சிங்களத்திலேயே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் குறுக்குக் கேள்வி வந்த அன்று விளங்கியது. "ஜூலை 4ஆம் திகதி நீங்கள் ஜா-எலவுக்குப் போகவில்லை, சரிதானே?" ஆமாம். "அதற்குப் பிறகும் போகவில்லை?" இல்லை. இரண்டு பதிலும் உண்மை. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் கைவிட்டுப் போனவள். கேள்வி சிங்களத்தில் வந்து தமிழில் திரும்ப ஒலிக்கும் அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. "கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. அதை அன்றே எழுதி அனுப்பினேன்" என்று என் மொழியில் முழுதாகச் சொன்னேன். பற்றுச்சீட்டுகளை ஏ5 முதல் ஏ7 வரை குறியிட்டார்கள்.

பாரபட்சம் என்ற சொல் வழக்கில் வந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து, அதுவும் அந்தச் சொல்லாக இல்லை. கூட வேலை செய்த தங்கச்சி ஒருத்தி எனக்கு அனுப்பியிருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். என் பதவிக்கான வேலை விளம்பரம், திகதி 2022 ஜூன் 24. ஆண் விண்ணப்பதாரிகள் விரும்பத்தக்கது என்று ஒரு வரி. நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் கட்டுக்குள் நடப்பதில்லை என்பதால் அதை முன்வைப்பது சுலபமாக இருந்தது. கொம்பனி சார்பில் சாட்சி சொல்ல வந்தவர், அன்று அன்பாகப் பேசிய அதே ஆள். ஜூலையில் கைவிட்டுப் போனவரின் இடத்துக்கு ஜூனிலேயே எப்படி ஆள் தேடினீர்கள் என்று என் சட்டத்தரணி கேட்டார். பதில் வரவில்லை. குரலை உயர்த்தாமல் இன்னொரு தடவை கேட்டார். அந்த மௌனத்தையும் பதிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த தவணையில் சமரசப் பேச்சு வந்தது. எனக்கு வேலை திரும்ப வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். உண்மையாகவே வேண்டியிருந்தது, அந்தக் கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்து உள்ளே போக வேண்டும் என்று ஆசை. சட்டத்தரணி முடிவை என்னிடமே விட்டார். வென்றாலும் கொம்பனி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகலாம், இன்னும் சில வருடம் ஆகலாம் என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் தூங்கவில்லை. 15 மாதச் சம்பளத்துக்கு, 1,170,000 ரூபாவுக்கு, சம்மதித்தேன். அது சரியான முடிவா என்று இன்றும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பணத்துக்கு மேல் ஒரு நிபந்தனையில் மட்டும் நான் இறங்கவில்லை: சேவைச் சான்றிதழ்.

2025 பெப்ரவரியில் வழக்கின் கடைசித் தவணை நாள். முதல் காசோலையோடு சான்றிதழையும் நீட்டினார்கள். சேர்ந்த திகதி, பதவி, நேர்மையான ஊழியர் என்று ஒரு வரி, எல்லாம் சரி. கடைசி வசனம்: இவர் தமது சொந்த விருப்பத்தின் பேரில் சேவையிலிருந்து விலகினார்.

காசோலையை மேசையில் வைத்துவிட்டு, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேன். கொம்பனியின் சட்டத்தரணி, இது வழக்கமாக எழுதுவதுதானே என்றார். எனக்காக என் சட்டத்தரணி வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், இந்த முறை சிங்களத்தில், உரைபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காமல்: அந்த வரியை எடுத்துவிட்டு வேறு அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். புதிய தாள் வந்தது. 2013 செப்டம்பர் முதல் 2022 ஜூலை வரை பணியாற்றினார். அவ்வளவுதான். இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுப் பைலில் வைத்தேன்.