நீலம் கேட்டால் ஆரஞ்சு வரும்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் கண்ணாடிக்கென்றே ஓர் அருங்காட்சியகம். 1951-இல் திறந்தது. 1996-இலிருந்து கூடவே ஒரு பட்டறையும் உண்டு. கண்ணாடி ஊதியே பழக்கமில்லாதவரும் முன்பதிவு செய்துகொண்டு, வாத்தியார் துணையோடு ஒரு பொருள் செய்யலாம். செருப்போடு போகாதீர்கள், விரல் மூடிய ஷூ வேண்டும். தெறிக்கிற துண்டு விரல் பார்த்துத்தான் விழும்.

முதல் தகராறு நிறத்தில். நீலம் கேட்டவருக்கு நீண்ட ஊதுகுழாயின் முனையில் வருவது தகதகவென்று ஆரஞ்சு. "நான் கேட்டது இது இல்லையே!" உலைக்குள் சுமார் 1,150 டிகிரி செல்சியஸ், அந்தச் சூட்டில் கண்ணாடியின் சொந்த ஒளி மற்ற நிறத்தையெல்லாம் விழுங்கிவிடும். தெளிந்த கண்ணாடியை வாரி, வண்ணக் கண்ணாடித் தூளில் புரட்டி, உலையைவிடச் சூடான இன்னொரு அடுப்பு வாயில் காட்டித்தான் அதை உருக வைக்கிறார்கள். நீலம் ஆறின பிறகுதான் முகம் காட்டும்.

அடுத்து ஊதல். குழாயின் மறுமுனையில் வாய் வைத்துக் கன்னம் வெடிக்கிற மாதிரி ஊதுவார்கள், ஒன்றும் நடக்காது. முதல் குமிழிதான் பிடிவாதம். வாத்தியார் லேசாக ஒரு மூச்சு விட்டுக் குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைப்பார். உள்ளே மாட்டிய காற்று சூட்டில் விரிந்து குமிழி தானே எழும். இதைப் பார்த்துவிட்டு ஏதோ கண்கட்டு வித்தை என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் புடைத்தால், அந்தப் பக்கம் அதிகச் சூடாக இருந்தது என்று அர்த்தம், மூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு நடுவில் செல்ஃபி. குழாயைச் சுழற்றுவது நின்றால் போதும், கண்ணாடி தேன் மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். நீங்கள் கேமராவுக்குச் சிரிக்கும்போது வாத்தியார் சிரிக்காமல் உருட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அதுதான். அவர் கையில் இருக்கும் கருகின வஸ்து, நாலைந்தாக மடித்து நனைத்த செய்தித்தாள்! நீராவி இடையில் நிற்பதால் கை வேகாது.

கழுத்தை இடுக்கியால் ஒடுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, குழாயில் ஒரு தட்டு. பொருள் கழன்றுவிடும். உடனே கைதட்டல், உடனே கேள்வி: "இப்பவே எடுத்துட்டுப் போகலாமா?" நாளைக்குத்தான். ஆரஞ்சு மறைந்தாலும் அது இன்னும் தொட்டால் தோலை உரிக்கிற சூடு. வெளிப்புறம் முந்தி ஆறினால் உள்ளே இழுவிசை தங்கி, பிற்பாடு தானாக விரிசல் விடும். அதனால் சுமார் 480 டிகிரியில் வைத்து இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்குப் பார்சலில் அனுப்பும் ஏற்பாடு உண்டு.

செய்ய வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்கு 2015-இல் திறந்த 500 இருக்கை அரங்கு. பார்வையாளர் வரைந்து கொடுத்த படத்தை அப்படியே கண்ணாடியில் செய்து காட்டுகிற நிகழ்ச்சியும் நடக்கிறது. குழந்தைகள் வரைகிற மிருகத்தின் கால்களுக்குக் கணக்கு வழக்கு கிடையாது. ஒவ்வொரு காலுக்கும் புதிதாகச் சூடான கண்ணாடி கொண்டுவந்து ஒட்ட வேண்டும். அதற்குள் முன்பு ஒட்டினவை அளவுக்கு மீறி ஆறினால் விரிசல், மறுபடி அடுப்பில் காட்டினால் இளகி வளையும். படம் வந்ததும் கைவினைஞர் முதலில் எண்ணுவது காலைத்தான்.