எலும்பு வார்டு நாட்குறிப்பு

4 ஜூலை 2022

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி, எழுபதைத் தாண்டியவர். வலது தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி, முறிந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் கொரோனா. "லேசான காய்ச்சல்தான் தம்பி, கஷாயத்துலயே போயிடுச்சு" என்கிறார். எனக்கு அந்த மூன்று வாரம்தான் உறுத்துகிறது. ரத்தம் தேங்குவது, நாளச் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையத் தயாராக இருப்பது என்று ஜெர்மன் மருத்துவர் விர்கோவின் பெயரில் படித்த, ரத்தக்கட்டிக்கான மூன்று காரணங்களையும் எலும்பு முறிவே கொண்டுவந்துவிடும். போதாததற்குக் கொரோனா நாளங்களின் உட்சுவரையும் புண்ணாக்கிவிட்டுப் போகிறது.

5 ஜூலை

டி-டைமர் (ரத்தக்கட்டி கரைவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறியிருக்கிறதே என்று மகன் பதறுகிறார். போன வருடம் வீட்டுக்கு வீடு பழகிப்போன பெயர். எலும்பு முறிந்தாலே அது ஏறும், அதை மட்டும் வைத்து ரத்தக்கட்டி இருக்கிறதென்று சொல்ல முடியாது. இரண்டு காலுக்கும் ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தாயிற்று, கட்டி இல்லை.

மாலையில் மயக்க மருந்து டாக்டரோடு வாக்குவாதம். 116 நாடுகளில் எடுத்த ஆய்வு 2021-ல் வந்தது. தொற்றுக்குப் பின் 7 வாரத்துக்குள் அறுவை செய்தால் இறப்பு கூடுகிறது என்றது. உண்மைதான். ஆனால் முடிந்தால் தள்ளிப்போடு என்றுதான் அதுவும் சொல்கிறது. இடுப்பு முறிந்த பாட்டியை இன்னும் நாலு வாரம் படுக்கப் போட்டால் ரத்தக்கட்டி, நிமோனியா, படுக்கைப்புண் எல்லாம் தேடி வரும். கடைசியில் அவரும் ஒத்துக்கொண்டார். இரவு 8 மணிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி எனாக்ஸாபரின் 40 மி.கி. ஸ்பைனலுக்கு (முதுகில் போடும் மயக்க ஊசிக்கு) முன் 12 மணி நேரம் விட வேண்டும்.

6 ஜூலை

காலை 10 மணிக்கு அறுவை. தொடை எலும்பின் தலைப்பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து மாற்றியாயிற்று.

7 ஜூலை

வாக்கர் பிடித்து நாலடி நடந்தார். பிசியோவைத் திட்டிக்கொண்டேதான்.

11 ஜூலை

டிஸ்சார்ஜ். "நடக்கிறாங்களே, ஊசி எதுக்கு சார்?" என்றார் மகன். ஏப்ரலில் வந்த ஸ்வீடன் ஆய்வைச் சொன்னேன்: கொரோனாவுக்குப் பின் கால் நாளத்தில் கட்டி வரும் அபாயம் 3 மாதம், நுரையீரலில் 6 மாதம் வரை கூடுதலாக இருக்கிறது. ரத்தக்கசிவு அபாயமும் 2 மாதம் உண்டு என்பதால் டோஸை நாமாக ஏற்றவும் முடியாது. ஒரு மாதம் போடச் சொல்லியிருக்கிறோம். வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்துப் போட மருமகள் கற்றுக்கொண்டார், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பது உட்பட.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கெண்டைக்கால் வலித்தாலோ எண்ணெய் போட்டு உருவாமல் உடனே வரச் சொன்னேன். திடீரென மூச்சு வாங்கினால் 108.